வாசகர் கேள்வி - பதில்: முதுமையும் மரணமும் எழுத்தில்

கேள்வி: முதுமையையும் மரணத்தையும் பற்றிச் சிறுகதைகள் எழுதிவருகிறேன். அவற்றில் மாயக் கற்பனையைக் கலக்கும்போது, உண்மையான துயரத்தை விளையாட்டாக்கிவிடுகிறோமோ என்று மனம் உறுத்துகிறது. தங்கள் கருத்து என்ன?

பதில்: நேராகப் பார்க்கக் கூசுகின்ற ஒன்றைப் பார்க்கவைப்பதற்குத்தான் கற்பனை தேவைப்படுகிறது. 1726-இல் வெளிவந்த ‘கலிவரின் பயணங்கள்’ நூலின் மூன்றாம் பாகத்தில், சாவே இல்லாத மனிதர்கள் சிலர் வாழும் நாடு ஒன்றை ஜோனதன் ஸ்விஃப்ட் படைத்திருக்கிறார். இடப் புருவத்துக்கு மேலே சிவந்த மறுவோடு எப்போதாவது பிறக்கும் அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதும், தனக்கு அந்தப் பேறு வாய்த்திருந்தால் செல்வமும் கல்வியும் சேர்த்து நாட்டுக்கே வழிகாட்டியிருக்கலாம் என்று கலிவர் பூரித்துப்போகிறான். அவர்களுக்குச் சாவு இல்லையே தவிர மூப்பு உண்டு என்பது பிறகுதான் அவனுக்குத் தெரியவருகிறது. 80 வயது நிறைந்ததும் சட்டம் அவர்களை இறந்தவர்களாகவே கருத, சொத்து வாரிசுகளிடம் போய்விடுகிறது. 90 வயதில் பல்லும் முடியும் உதிர்ந்துவிடுகின்றன. ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடுவதால், படிக்கும் இன்பமும் இல்லாமற்போகிறது. காலப்போக்கில் பேச்சுமொழியும் மாறிவிட, பிறந்த மண்ணிலேயே அயலாராகிறார்கள்.

மூப்பைப் பற்றிய அச்சமும் சாவைப் பற்றிய அச்சமும் நம் மனத்தில் பின்னிக் கிடக்கின்றன. ஸ்விஃப்ட் சாவை மட்டும் விலக்கிவிட்டதால், மூப்பு தனித்து நின்று நம்மை உறையவைக்கிறது. நீங்களும் உலகின் ஒரே ஒரு விதியை மாற்றிவிட்டு, மற்ற அனைத்தையும் உள்ளபடியே எழுதிப்பாருங்கள். ஒரு மூதாட்டி இழக்கும் ஒவ்வொரு நினைவும் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எப்படி நடக்கிறது என்று விளக்க வேண்டியதே இல்லை. நூலின் முனையை ஈரப்படுத்தி முறுக்கிய பிறகு, அதை ஊசியில் கோக்க வேண்டும் என்பது தெரியாமல் அவளுடைய விரல்கள் நின்றுபோவதையும், யாரும் கற்றுத்தராமலேயே அந்தக் குழந்தை நூல் கோப்பதையும் எழுதினால் போதும்.

கேள்வி: கவிதையில் முதுமையை எழுதினால் புலம்பலாகிவிடுகிறதே, என்ன செய்யலாம்?

பதில்: ஒரு முதியவர் தம் இளமையை நினைத்துப் பாடும் புறநானூற்றின் 243-ஆம் பாடலை நிதானமாகப் படியுங்கள். மணற்பாவைக்குப் பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்து ஆடியதும், நீரை ஒட்டித் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் மருள, ஆழமான மடுவில் துடுமெனப் பாய்ந்து, மூழ்கி அடிமணலை அள்ளிவந்ததும் பாடலின் பெரும்பகுதியை நிறைக்கின்றன. கடைசி மூன்று அடிகளில்தான் ஊன்றுகோலும், நடுக்கமும், இருமலுக்கிடையே வரும் சில சொற்களும் இடம்பெறுகின்றன. இரக்கத்தை முதல் அடியிலும், அந்த இளமை எங்கே போயிற்றோ என்று ஏங்கும் ஓர் அடியிலும் மட்டும் சொல்லிவிட்டு, மற்ற அடிகளில் உடல் அன்று செய்ததையும் இன்று செய்வதையும் புலவர் காட்டுகிறார். பாய்ச்சலுக்கு அவ்வளவு இடம் கொடுத்திருப்பதால்தான் அந்த இருமல் நம்மைத் தாக்குகிறது. பூணிட்ட தலையுடைய அந்த ஊன்றுகோலைப் பாடல் ‘தொடித்தலை விழுத்தண்டு’ என்கிறது; அதைக் கொண்டே அவர் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கப்படுகிறார். உங்கள் கவிதையிலும் இழப்பின் அளவைக் காட்ட, இழந்ததற்கே அதிக வரிகளை ஒதுக்குங்கள்.

கேள்வி: எனக்கு வயது 23. முதுமையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா?

பதில்: உறுதியாக உண்டு. மூப்படைந்த பிறகும் மீண்டும் கடலோடத் துடிக்கும் அரசனைப் பற்றிய ‘யுலிஸிஸ்’ கவிதையை 1833-இல் எழுதியபோது ஆங்கிலக் கவிஞர் டென்னிசனுக்கு வயது 24. அவருடைய உயிர்நண்பர் ஆர்தர் ஹாலம் அதே ஆண்டில் 22 வயதில் இறந்திருந்தார். அந்தத் துயரத்தை அவர் ஒரு கிழவனின் குரலில் பேசினார். உங்களிடமும் ஓர் இழப்பு இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். எழுதி முடித்ததும் வயதில் மூத்த ஒருவரிடம் படித்துக்காட்டி, உடலைப் பற்றிய விவரங்களில் எது பொய்யாகத் தோன்றுகிறது என்பதை மட்டும் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.