கத்திரி வெயிலும் மாடித்தோட்டமும்: கேள்வி பதில்

மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன்பே கேள்விகள் குவிந்துவிட்டன. பெரும்பாலும் சென்னை, கடலூர், புதுச்சேரி என்று கடலோரத்து மாடிகளில் இருந்து. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தக்காளி கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒன்றுகூட நிற்கவில்லை. என்ன உரம் போடலாம் அக்கா? (மடிப்பாக்கம்)

உரத்தால் ஆகிற காரியம் இல்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24, 25க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். சென்னையில் மே மாத இரவே 28 டிகிரி. போதாததற்குப் புழுக்கம் வேறு. ஈரக்காற்றில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிரவே உதிராது. செர்ரி தக்காளி என்றால் காலையில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிடுங்கள், கொஞ்சம் காய் தங்கும். பெரிய ரகமாக இருந்தால் நான் பிடுங்கிவிட்டு அதே பையில் வெண்டை ஊன்றிவிடுவேன். தக்காளிக்கு ஆடியில் புது நாற்று விட்டுக்கொள்ளலாம்.

காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றியும் மதியத்தில் கத்தரி வாடித் தொங்குகிறது. மூன்றாவது வேளையும் ஊற்றலாமா? (வேளச்சேரி)

வேண்டவே வேண்டாம். முதலில் அந்தச் செடியை மாலை ஆறு மணிக்கும், மறுநாள் விடியற்காலையிலும் போய்ப் பாருங்கள். மதியம் இலை இழக்கிற வேகத்துக்கு வேரால் தண்ணீர் ஏற்றிக் கொடுக்க முடியாது, அதனால் தொங்கும். மாலையில் நிமிர்ந்துவிட்டால் பெரும்பாலும் அது நோய் இல்லை.

விடியற்காலையிலும் தொங்கினால் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகல் அல்லது வாடல் நோய். தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் முங்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் மாதிரி வெள்ளையாக இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து தேடி அலையாதீர்கள். செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணில் தக்காளி, மிளகாய், கத்தரி எதுவும் வைக்கக் கூடாது.

கோடையில் என்னிடம் வருகிற 'செடி காய்கிறது' புகார்களில் பாதி, தண்ணீர் அதிகமாகித்தான் வருகிறது. காலை ஏழு மணிக்குள் அடித்துளை வழியே கசியும் அளவுக்கு ஒரே தடவையாக நிறைய விடுங்கள். மாலையில் மண்ணைத் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் வேரில் கொஞ்சம். இலையை நனைக்காதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவெல்லாம் அந்த ஈரம் காயாது, பூஞ்சணம் வந்து உட்காரும். இன்னொன்று, குழாயைத் திறந்ததும் வருவது வெந்நீர். அதை ஒரு வாளியில் பிடித்து வைத்து, ஆறிய அப்புறம் ஊற்றுங்கள்.

மண்ணின் மேல் காய்ந்த சருகு, வைக்கோல், கரும்புத் தோகை, எது கிடைக்கிறதோ அதை இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள், இதுதான் மூடாக்கு. தண்டை ஒட்டி மட்டும் விரலிடை விட்டுவிடுங்கள்.

ஐம்பது சதவீத நிழல்வலையா, எழுபத்தைந்தா? (கடலூர்)

காய்கறிக்கு ஐம்பதே, அதாவது பாதி வெயிலை மறைக்கிற வலையே, அதிகபட்சம். எழுபத்தைந்தின் கீழே செடி நெட்டையாக வளரும், காய்க்காது. வலையைத் தலைக்கு மேல் உயரமாகக் கட்டி, பக்கவாட்டைத் திறந்தே விடுங்கள். பிற்பகல் கடற்காற்றை மறைத்துவிட்டால் வலை கட்டியும் பிரயோஜனம் இல்லை.

போர் தண்ணீர் உப்பு. பைகளின் ஓரத்தில் வெள்ளைப் படலம், இலை நுனியெல்லாம் கருகல். (பள்ளிக்கரணை)

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். 450க்குள் இருந்தால் கவலை இல்லை, 2000க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரில் தோட்டம் போடுவது சிரமம். இடையில் இருந்தால் சமாளிக்கலாம். பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை நல்ல தண்ணீரை நிறைய விட்டு, அடித்துளை வழியே உப்பைக் கழுவி இறக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேலேயே தங்கும். பீன்ஸ் உப்பைத் தாங்காது. காராமணி, பருப்புக்கீரை தாங்கும். ஆர்ஓ மெஷினில் கழிந்து வருகிற தண்ணீரைச் செடிக்கு விடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், அதில் உப்பு இன்னும் அதிகம்.

மிளகாய் இலை சுருண்டுவிட்டது. மோர் தெளித்தும் கேட்கவில்லை. (புதுச்சேரி)

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று சொல்லவில்லையே! ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போல மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டால் சிலந்திப் பேன். இரண்டுமே இலையின் அடிப்பக்கத்தில் இருப்பவை, மேலாகத் தெளித்தால் போய்ச் சேராது. மோசமாகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி அகற்றிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு காதி சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடியில் படும்படி அடியுங்கள். வெயில் இறங்கிய பிறகுதான். பகலில் அடித்தால் எண்ணெய் பட்ட இலை வெந்துவிடும். கந்தகத் தூளும் இந்த வெயிலில் ஆகாது.

மாவுப்பூச்சி எவ்வளவு கழுவினாலும் திரும்ப வருகிறது. (தாம்பரம்)

எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புக்காக எறும்புதான் அதற்குக் காவல் நிற்கிறது, செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகிறது. பைகளைச் சுவரை ஒட்டி வைக்காமல், ஸ்டாண்டில் ஏற்றி, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கொசு வராமல் கிண்ணத்தில் ஒரு சொட்டு எண்ணெய்.

சுரைக்கொடி முழுக்கப் பூ, பிஞ்சே இல்லை. அவரைப் பந்தலோ இலை மட்டும்தான். (ஆவடி)

இரண்டும் வேறு வேறு சங்கதி. சுரையில் முதலில் ஆண் பூதான் வரும். வெயிலும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) கூடினால் இன்னும் அதிகம். பெரிய கொடியின் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கொடியில் பெண் பூ வரும். அதன் அடியில் குட்டிச் சுரை இருக்கும், பார்த்ததும் தெரியும். மாடியில் பூச்சி வரத்து குறைவு என்றால் கையால் மகரந்தம் தொட்டு வையுங்கள். சுரைப்பூ மாலையில் விரியும், பீர்க்கும் அப்படியே. பாகலும் பூசணியும் காலையில். நேரம் தவறினால் வேலை வீண்.

பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். மே மாதம் அதனிடம் கோபித்துப் பயன் இல்லை. ஆடியில் விதைத்திருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் பூத்திருக்கும். கோடையிலும் அவரை வேண்டும் என்றால் செடி அவரை போடுங்கள்.

கொத்தமல்லி?

மாடியில் இப்போது வேண்டாம். முளைத்து நாலு இலை விடுவதற்குள் பூத்துவிடும். முளைக்கீரை, சிறுகீரை போடுங்கள், மாதத்துக்குள் பறிக்கலாம்.

ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லை.

டைமர் வைத்த சொட்டுநீர் இருந்தால் நல்லது. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே ஓடவிட்டு, எந்தச் சொட்டான் அடைத்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பைகளையெல்லாம் நிழலில் நெருக்கி வைத்து, பெரிய காய்களைப் பறித்து, முற்றிய இலைகளைக் கழித்து, கிளம்புகிற அன்று காலை நிறையத் தண்ணீர் விட்டு மூடாக்கு போடுங்கள். நடுவில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, அதில் இருந்து பருத்தித் துணித் திரியை ஒவ்வொரு பைக்கும் இழுத்துவிடலாம். வாளி பையைவிட உயரத்தில் இருக்கட்டும். வெண்டையும் கத்தரியும் பிழைத்துக்கொள்ளும். கீரையை மட்டும் முந்தின நாளே பறித்துச் சமைத்துவிடுங்கள்.