தம்பியின் குளோசபின் குளிசையும் இறப்புக் கணக்கும்

வணக்கம். மனச்சிதைவு (schizophrenia) நோய்க்கான மருந்தாகிய குளோசபினோடு தொடர்புபடுத்திப் பல இறப்பு அறிக்கைகள் பதிவாகியிருப்பதை இணையத்தில் வாசித்துவிட்டு, தெல்லிப்பழை கிளினிக்கில் தம்பிக்குக் கொடுக்கும் குளிசையை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைத்தியரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பக்கூடும்.

நீங்கள் வாசித்தது தனித்தனி அறிக்கைகளின் தொகுப்பு. அம்மருந்தை எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்பது அதில் இல்லை. வேறு இரண்டு மருந்துகளாவது பலனளிக்காத, நோய் முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் குளோசபின் கொடுக்கப்படுவதாலும், வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்காக அவர்கள் தொடர்ந்து கவனிக்கப்படுவதாலும், அறிக்கைகள் கூடுவது இயல்பே.

இதற்கு மாறாக, பின்லாந்தின் தேசியப் பதிவேடுகளிலிருந்து 66,881 மனச்சிதைவு நோயாளரை 1996 முதல் 2006 வரை பின்தொடர்ந்து, 2009இல் வெளியான ஆய்வில், ஒப்பிட்ட மருந்துகளுள் குளோசபின் எடுத்தோரிடமே இறப்பு வீதம் மிகக் குறைவாக இருந்தது. இத்தனைக்கும், 1975இல் இம்மருந்தால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்து சிலர் இறந்ததும் அதே நாட்டில்தான். வைத்தியசாலையில் தங்கியிருந்தபோது நிகழ்ந்த இறப்புகளை அந்த ஆய்வு சேர்க்கவில்லை என்ற கண்டனம் நியாயமானது. ஆயினும் வெறும் அறிக்கை எண்ணிக்கையைவிட அதையே நான் நம்புவேன்.

இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். மலச்சிக்கலையும் சிறிதாக எண்ண வேண்டாம், அதுவும் உயிராபத்தாகலாம். தம்பி புகைப்பவராயின், அதை விடுவதற்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள். விட்டவுடன் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும்.