கால் பயிற்சி இயந்திரங்கள்: எடையைக் கூட்டும் முன் இருக்கையைச் சரிபாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. கால்களுக்கு வலு வேண்டும் என்று 3 மாதங்களாக ஜிம்முக்குச் செல்கிறேன். லெக் எக்ஸ்டென்ஷன் (அமர்ந்தபடி காலை முன்னால் நீட்டி எடையைத் தூக்கும் இயந்திரம்) செய்யும்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலிக்கிறது. லெக் பிரஸ் (சாய்ந்து அமர்ந்து, எடையுள்ள பலகையைப் பாதங்களால் தள்ளும் இயந்திரம்) செய்த மறுநாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. இயந்திரத்தில் செய்தால் ஆபத்தில்லை என்கிறார்களே, நான் பயிற்சியை விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் முழங்காலில் வீக்கம் இருந்தாலோ, மூட்டு திடீரென்று பிடிப்பின்றி மடங்கினாலோ, முதுகுவலி மரத்துப்போகும் உணர்வோடு காலுக்குள் இறங்கினாலோ, மருத்துவரைப் பார்த்த பிறகே மீண்டும் தொடங்குங்கள். அத்தகைய அறிகுறிகள் இல்லையென்றால், நீங்கள் இயந்திரத்தில் அமரும் முறையைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

எடை எந்தப் பாதையில் நகரவேண்டும் என்பதை இயந்திரமே தீர்மானித்துவிடுவதால், அந்தப் பாதை உங்கள் மூட்டு மடங்கும் பாதையோடு பொருந்தாதபோது, தசை சுமக்கவேண்டியதில் ஒரு பங்கை மூட்டு சுமக்க நேர்கிறது. லெக் எக்ஸ்டென்ஷனில் அமர்ந்ததும் பக்கவாட்டில் பாருங்கள்: இயந்திரத்தின் கை சுழலும் அச்சுக்கு நேராக உங்கள் முழங்கால் இருக்கவேண்டும். காலை நீட்டும்போது மெத்தைத் திண்டு கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்காமல் தோலை உரசியபடி மேலும் கீழும் நகர்ந்தால், முதுகுச் சாய்மானம் சரியான இடத்தில் இல்லை என்று பொருள். முன்பு அமர்ந்தவர் உங்களைவிட உயரமானவராக இருந்திருக்கலாம். அவர் வைத்துச்சென்ற அமைப்பிலேயே நாமும் தொடங்கிவிடுகிறோம். இந்த இயந்திரத்தில் காலை முழுவதும் நீட்டும் கடைசிப் பகுதியில்தான் சில்லின் மீது அழுத்தம் கூடுகிறது என்பதால், வலி தணியும்வரை 90 பாகை மடிப்பிலிருந்து 45 பாகை வரை மட்டும், குறைந்த எடையில் நீட்டுவது நல்லது.

லெக் பிரஸ்ஸில் இது தலைகீழ். அங்கே கால் ஆழமாக மடங்கும்போதுதான் முழங்காலுக்குச் சுமை அதிகம். உங்கள் முதுகுவலிக்கும் அந்த ஆழமே காரணமாக இருக்கலாம். தொடைகள் மார்பை நெருங்கும்போது இடுப்பின் அடிப்பகுதி மெத்தையைவிட்டு மேலெழுகிறதா என்று பயிற்சியாளரைப் பக்கத்தில் நின்று கவனிக்கச் சொல்லுங்கள். அது எழும் நொடியில் கீழ்முதுகு வளைந்து எடையை வாங்கிக்கொள்கிறது. ஆகவே அதற்குச் சற்று முன்பே நிறுத்தி, பாதுகாப்புத் தடுப்பையும் அந்த அளவிலேயே பொருத்திவிடுங்கள். குதிகால் பலகையைவிட்டு எழக்கூடாது, முழங்கால்கள் உள்நோக்கிச் சாயக்கூடாது, மேலே தள்ளி முடிக்கையில் முழங்காலை விறைப்பாகப் பூட்டவும் கூடாது. தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கித் தள்ளினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

முன்தொடைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டுப் பின்தொடையை மறந்துவிடாதீர்கள். எடைக்கு எதிராகக் காலைப் பின்னோக்கி மடக்கும் லெக் கர்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலும் அச்சுக்கு நேராக முழங்கால் என்பதே விதி.

எடை விஷயத்தில் அவசரம் வேண்டாம். 5 முதல் 10 நிமிடம் உடலைச் சூடாக்கிவிட்டு, நிதானமாக 10 முதல் 15 முறை செய்யக்கூடிய எடையில் 2 செட் (சுற்று), வாரத்தில் 2 நாள் இப்போதைக்குப் போதும். அந்த எண்ணிக்கையைத் தாண்டியும் எளிதாகச் செய்யமுடிந்தால் ஒரு தட்டு கூட்டலாம். மறுநாள் தொடைத்தசை வலிப்பது இயல்பானது, ஓரிரு நாளில் அடங்கிவிடும். மூட்டுக்குள் குத்தும் வலி அப்படியல்ல, அது வந்தால் அந்த செட்டைப் பாதியிலேயே நிறுத்திவிடுங்கள்.