டான் ஹட்சனின் சாதனைகள் போர்க்காலத்தின் கொடையா?

"1940-களில் நல்ல வீரர்கள் பலர் போருக்குப் போய்விட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் கால்பந்து ரிசீவரான (எறியப்படும் பந்தைப் பிடித்து ஓடுபவர்) டான் ஹட்சனை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போருக்கு முந்தைய கணக்கை முதலில் பாருங்கள். 1935-இல் அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோது ஹட்சன் இரண்டு அணிகளோடு ஒப்பந்தம் செய்திருந்தார். எந்த உறையின் அஞ்சல் முத்திரை முந்தியதோ அதுவே செல்லும் என்று தேசியக் கால்பந்து லீக்கின் (NFL) தலைவர் ஜோ கார் தீர்ப்பளித்ததால் கிரீன் பே பேக்கர்ஸுக்கு வாய்த்தார். அது ஆட்டத்துக்கே கிடைத்த பேறு என்பேன். அன்று பெரும்பாலான அணிகள் பந்தை அணைத்துக்கொண்டு முட்டி மோதி முன்னேறுவதையே நம்பின. பேக்கர்ஸ் பயிற்சியாளர் கர்லி லாம்போவோ பாஸை, அதாவது பந்தை எறிந்து முன்னேறுவதை, நம்பியவர். அந்த ஆண்டே சிகாகோ பேர்ஸுக்கு எதிராக, பேக்கர்ஸின் முதல் தாக்குதலிலேயே ஆர்னி ஹெர்பர் எறிந்த பந்தைப் பிடித்து 83 யார்டு டச் டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்து 6 புள்ளி பெறுவது) அடித்தார் ஹட்சன். 7-0 என முடிந்த ஆட்டத்தில் அந்த ஒரே டச் டவுன்தான் வெற்றியைத் தந்தது. 1936-லும் 1937-லும் லீக்கிலேயே அதிக பாஸ்களைப் பிடித்தவர் அவர்தான். 1941-இல் மிகச் சிறந்த வீரர் விருதும் பெற்றார். அமெரிக்கா போரில் இறங்கியது அந்த டிசம்பரில்தான்.

இனி 1942. 11 ஆட்டங்களில் 74 பாஸ்கள், 1,211 யார்டு, 17 டச் டவுன். ஒரு பருவத்தில் ஆயிரம் யார்டைத் தாண்டிய முதல் ரிசீவர். எதிரணிகள் பலவீனமாக இருந்தது உண்மை. ஆனால் அந்த வசதி எல்லோருக்கும்தானே இருந்தது? இரண்டாம் இடத்தில் வந்தவர் பிடித்தவை 27 மட்டுமே. 17 என்ற எண்ணை 1984 வரை யாரும் தாண்டவில்லை. 1943 முதல் 1945 வரையிலான எண்களில் வேண்டுமானால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

எண்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் ஓடிய விதம். எத்தனை அடி ஓடி எங்கே சட்டென்று திரும்புவது, எப்போது வேகத்தைக் குறைத்துத் தடுப்பவரை ஏமாற்றுவது என்று வகுத்துக்கொண்டு ஓடினார். பந்து வரும் இடத்தில் அவர் இருப்பார் என்று நம்பி எறிய முடிந்தது. இன்றைய ரிசீவர்கள் பயிலும் ஓட்டப் பாதைகளுக்கு அடித்தளம் இட்டவர்களில் அவரே முதன்மையானவர்.

இதற்கு நடுவே தடுப்பாட்டமும் ஆடினார், கோலுக்கு உதைக்கவும் செய்தார். 1945-இல் டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கால் பகுதியில் 4 டச் டவுன், தலா ஒரு புள்ளி தரும் 5 உதைகள் என 29 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவத்தோடு 99 பாஸ் டச் டவுன்களுடன் ஓய்வுபெற்றார். ஸ்டீவ் லார்ஜென்ட் அதைக் கடக்க 1989 ஆகிவிட்டது.