ஒரே வெளியில் பல கைகள்: கூட்டு நிரலாக்கம் பற்றிய கேள்வி பதில்

நிரல் எழுதும் சூழலுக்குள்ளேயே பலர் கூடி வேலை செய்யும் பகிர்வெளியை அமைப்பது பற்றி சிங்கப்பூரில் உள்ள நம் வட்டத்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், தெம்பனிஸ்): ஐயா, ஸூமில் திரையைப் பகிர்ந்தாலே போதாதா? தனியாக ஒரு பகிர்வெளி எதற்கு?

திரையைப் பகிரும்போது மற்றவருக்குப் போய்ச் சேர்வது படம்தான், தம்பி. நிரல் உங்கள் கணினியில் மட்டுமே ஓடுகிறது. பார்ப்பவர் பிழையைக் கண்டாலும், "பதினான்காம் வரி, இல்லை, அதற்கும் கீழே" என்று பெரும்பாலும் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கும். பகிர்வெளியில் இருவர் முன்னும் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரே நிரல். இந்த ஆசை மிகப் பழையது. 1968 டிசம்பர் 9 அன்று அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட், சான் பிரான்சிஸ்கோ அரங்கில் இருந்தபடி, மென்லோ பார்க்கில் இருந்த சக ஆய்வாளரின் முகத்தைத் திரையில் பார்த்துப் பேசிக்கொண்டே, இருவருக்கும் பொதுவான ஓர் ஆவணத்தில் வேலை செய்து காட்டினார்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): எல்லாருடைய கணினியிலும் ஒரே உலகம் தெரிவது எப்படி? ஒவ்வொரு மாற்றத்தையும் எல்லாருக்கும் அனுப்ப வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆலன் கே, டேவிட் ஸ்மித், ஆந்திரேயாஸ் ராப், டேவிட் ரீட் ஆகிய கணினி அறிஞர்கள், ஸ்மால்டாக் நிரல்மொழியின் ஸ்குவீக் என்னும் சூழலின் மேல் கட்டிய, பலர் கூடும் முப்பரிமாண வெளியான குரோக்கே திட்டம் இதற்கு அழகான விடை தந்தது. ரீட் 1978இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில் அதன் வேர் இருக்கிறது. ஒவ்வொரு கணினியும் உலகத்தின் முழுப் பிரதியை வைத்துத் தானே கணக்கிடுகிறது. நடுவில் இருக்கும் சிறிய சர்வர் எதையும் கணக்கிடுவதில்லை. "இவர் இந்தப் பொத்தானை அழுத்தினார்" போன்ற செய்திகளுக்கு நேரமும் வரிசையும் குறித்து எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறது. தொடக்க நிலையும் நிரலும் செய்திகளின் வரிசையும் ஒன்றானால், முடிவும் ஒன்றாகத்தான் இருக்கும். தாமதமாக வருபவர் அப்போதைய நிலையின் நகலை வாங்கிக்கொண்டு, அதற்குப் பின் வந்த செய்திகளை மட்டும் ஓட்டிப் பார்த்து மற்றவர்களுடன் சேர்ந்துகொள்கிறார்.

அந்த முப்பரிமாண வெளிக்குள் நின்றபடியே அந்த வெளியின் நிரலை மாற்ற முடிந்தது என்பதைத்தான் அத்திட்டத்தின் உண்மையான சாதனையாக நான் கருதுகிறேன்.

கேள்வி (ஜூரோங்): அந்த முறையைப் பின்பற்றி ஒரு பந்து துள்ளும் விளையாட்டை எழுதினோம். மூன்று மடிக்கணினிகளிலும் பந்து வெவ்வேறு இடங்களில் போய் நிற்கிறது.

இதே பிழையைத் தேடி நான் இரண்டு இரவுகளைச் செலவிட்டிருக்கிறேன். முதலில் தற்செயல் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு கணினியும் தன் போக்கில் எண்ணை உருவாக்கினால் உலகங்கள் அந்த நொடியே பிரிந்துவிடும். ஆகவே அந்த எண்கள் பிறக்கத் தொடக்கமாகும் விதை எண் பகிரப்படும் நிலைக்குள் இருக்க வேண்டும். அடுத்தது கடிகாரம்: கணினியின் நேரத்தைக் கேட்காமல், செய்தியில் குறிக்கப்பட்ட நேரத்தையே பயன்படுத்துங்கள். மூன்றாவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். சைன், கொசைன் போன்ற சார்புகளின் கடைசி இலக்கம் உலாவிக்கு உலாவி மாறலாம். ஒருமுறை பார்த்தால் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. பந்து நூறு முறை சுவரில் மோதிய பிறகோ அது வேறு மூலையில் கிடக்கும். எல்லாரும் ஒரே கணித நிரல் நூலகத்தைப் பயன்படுத்தினால் இது தீரும்.

கேள்வி (செங்காங்): கலிபோர்னியாவில் இருக்கும் சக ஊழியருடன் வேலை செய்யும்போது தாமதம் ஏற்படுகிறது. நல்ல இணைப்பு வாங்கினால் சரியாகுமா?

ஓரளவுக்குத்தான். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,600 கிலோமீட்டர் என்பதால், போய்த் திரும்பக் குறைந்தது 136 மில்லிநொடியாகும். சென்னைக்கு ஏறக்குறைய 30 போதும். ஆகவே தட்டச்சு செய்த எழுத்தை உடனே உங்கள் திரையில் காட்டிவிட்டு, பிறகு ஒத்திசைக்கும் முறையே உங்களுக்கு ஏற்றது.

கேள்வி (தமிழாசிரியர், பொங்கோல்): இருவர் ஒரே வரியில் தமிழில் குறிப்பு எழுதினால், சில வேளை எழுத்து உடைந்து புள்ளி வட்டம் தெரிகிறது. ஏன்?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஒரே நேரத்தில் நிகழும் திருத்தங்களை இணைக்க, 1989இல் எல்லிஸ், கிப்ஸ் என்னும் ஆய்வாளர்கள் முன்வைத்த, ஒருவர் திருத்தத்தை மற்றவர் திருத்தத்துக்கு ஏற்ப மாற்றும் உருமாற்ற முறையும், 2011இல் முறையாக வரையறுக்கப்பட்ட, தனித்தனியே மாறிய பிரதிகள் மோதலின்றி இணையும் சிஆர்டிடி தரவு வகைகளும் பயன்படுகின்றன. இவை பொதுவாக, எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் கணினி தரும் குறியீட்டு எண்களைத்தான் பார்க்கின்றன. எழுத்து என்று நாம் கருதுவது அவற்றுக்குத் தெரியாது. "கொ" நமக்கு ஓரெழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் அதன் நீளத்தைக் கேட்டால் 2 என்று வரும், ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று. நீங்கள் ககரத்தை அழிக்கும் அதே கணத்தில் மற்றவர் அதனுடன் ஒகரக் குறியைச் சேர்த்தால், இரண்டு செயல்களும் தவறின்றி நிறைவேறி, குறி மட்டும் புள்ளி வட்டத்துடன் தனியே தொங்கும். இணைத்தபின் முழு எழுத்துகளாகப் பிரித்துப் பார்த்து, அநாதையாக நிற்கும் குறிகளை நீக்கும் ஒரு படியைச் சேர்க்க வேண்டும். உரையை முழு எழுத்துகளாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்டின் இன்டில் செக்மென்டர் (Intl.Segmenter) இதற்கு உதவும். நம் மொழியில் எழுதுபவர்கள் சொல்லாவிட்டால், இக்குறை கருவிகளை உருவாக்குவோர் கண்ணில் படாமலே போய்விடும்.

கேள்வி (பிடோக்): விருந்தினருக்கு டெர்மினலைத் திறந்துவிடலாமா?

பார்க்க மட்டும் விடுங்கள். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் எழுத விடுவது உங்கள் கணினியின் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். விஷுவல் ஸ்டூடியோ லைவ் ஷேர் என்னும் பகிர்வுக் கருவியிலும், பகிரப்படும் டெர்மினல் முதலில் பார்வைக்கு மட்டுமே திறக்கும்.

கேள்வி (ஈசூன்): என்னிடம் இரண்டு பழைய மடிக்கணினிகள்தான் உள்ளன. இன்றிரவே எதையாவது முயன்று பார்க்க முடியுமா?

முடியும். ஒன்றில் லினக்ஸையும், ஒரே டெர்மினலைப் பலர் பகிர உதவும் டிமக்ஸையும், பிற கணினியிலிருந்து பாதுகாப்பாக நுழைய வழிசெய்யும் எஸ்எஸ்எச் சர்வரையும் நிறுவி, டிமக்ஸில் ஒரு அமர்வைத் தொடங்குங்கள். மற்றொன்றிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக அதே பயனர் பெயரில் நுழைந்து, அந்த அமர்வில் இணையுங்கள். ஒருவர் தட்டும் எழுத்து இரு திரைகளிலும் தோன்றும். கர்சர் ஒன்றே என்பதால், யார் எப்போது தட்டுவது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.