கீழக்கரையில் படிக்கிறோம், மூன்று பேருக்கு வாடகை வீடு எப்படித் தேடுவது?

கல்லூரி விடுதி வேண்டாம் என்கிறீர்கள், சரி. ஆன்லைனில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இந்த ஊரில் பல வீட்டுக்காரர்கள் வளைகுடாவில் இருப்பார்கள், சாவி உறவினர் யாரிடமாவது இருக்கும். டீக்கடையிலும் மளிகைக்கடையிலும் கேளுங்கள். 'பேச்சுலருக்குக் கிடையாது' என்ற பதில் நிறைய வரும். அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போனால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். நம் கடற்கரையில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். குடம் குடமாக விலைக்கு வாங்க வேண்டியிருந்தால் அதையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். கூரையில் சிமெண்டு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அந்த வீடு வேண்டாம். ஐப்பசி மழையில் பாயைச் சுருட்டிக்கொண்டு உட்கார வேண்டிவரும், நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம் அட்வான்ஸ். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா என்றும் பாருங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அது உங்களுக்குக் கிடைக்கட்டும்.