கயாக்கும் துடுப்பும் இழைக்க எந்தக் கைக்கருவி? கேள்வி பதில்

காரைக்குடி வாசகர்: ஐயா, மெல்லிய மரச் சட்டங்களை ஒட்டிக் கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகு கட்டப்போகிறேன். முதலில் எதை வாங்க வேண்டும்?

பதில்: ஒரு கைக்குள் அடங்கும் சிறிய இழைப்புளி, அதாவது பிளாக் பிளேன், ஒன்றே போதும். அலகு ஏறக்குறைய 12 பாகையில் படுத்திருக்கும் வகையாகப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் கனமுள்ள சட்டத்தின் விளிம்பை அடுத்த சட்டத்தோடு பொருந்தும்படி சாய்த்து இழைப்பதுதான் வேலையில் பெரும்பங்கு. படகின் வளைவு மாற மாற அந்தச் சாய்வும் மாறிக்கொண்டே போகும். ஆகவே ஆள்காட்டி விரலை இழைப்புளியின் அடியில் கொடுத்து, அது சட்டத்தின் பக்கவாட்டில் உரசிக்கொண்டே வரும்படி இரண்டு தடவை இழைத்துவிட்டுப் பொருத்திப் பாருங்கள். பின்புறம் ஒரு விளக்கை வைத்தால், ஒளி கசியும் இடத்தில்தான் இன்னும் இழைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தேவகோட்டை வாசகர்: இடித்த வீட்டின் பர்மா தேக்கு உத்திரம் ஒன்று கிடைத்திருக்கிறது. துடுப்புக்கு ஆகுமா?

பதில்: நிலைக்கதவுக்கு ஆகும், முழுத் துடுப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ எடையுள்ளது. துடுப்புக்குப் பலரும் விரும்பும் மேற்கத்திய சிவப்பு சீடார் 370 கிலோ அளவுதான். நாள் முழுவதும் தூக்கி வீசும் பொருளில் இந்த வேறுபாட்டைத் தோள் உணரும். தேக்கில் உள்ள சிலிக்கா அலகை விரைவில் மழுக்கும். பழைய உத்திரத்தில் புதைந்திருக்கும் ஆணியோ அலகின் வாயையே உடைத்துவிடும். துடுப்பு அலகின் நுனிக்கு மட்டும் தேக்குத் துண்டு ஒட்டலாம். ஒட்டுமுன் அசிட்டோன் துணியால் எண்ணெய்ப்பசையைத் துடைத்துவிட்டு, உடனே எப்பாக்சி பசை பூசுங்கள்.

கானாடுகாத்தான் வாசகி: இருகைப்பிடி இழுப்புக் கத்தி, ஸ்போக்‌ஷேவ் (இரு கைப்பிடியுள்ள சிறு இழைப்புளி), இரண்டும் தேவையா?

பதில்: தேவைதான், அம்மா, ஆனால் இரண்டின் வேலையும் வேறு. இழுப்புக் கத்தி கோட்டுக்கு வெளியே உள்ள மிகுதி மரத்தை வேகமாகக் களையும். ரேகை உள்நோக்கி ஓடும் மரத்தில் அது கோட்டையும் தாண்டிப் பிளந்துகொண்டு போகும் என்பதால், கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பே அதைக் கீழே வைத்துவிட வேண்டும். எஞ்சியது ஸ்போக்‌ஷேவின் பொறுப்பு. தட்டை அடிப்பாகம் கொண்டது தண்டுக்கும் புறவளைவுக்கும் உதவும். தண்டு துடுப்பு அலகோடு சேரும் கழுத்துப் பகுதியின் உட்குழிவுக்கு உருண்டை அடிப்பாகம் உள்ளது வேண்டும். அந்தக் கழுத்தில் இரு பக்கத்து மேட்டிலிருந்தும் பள்ளத்தை நோக்கியே இழைக்க வேண்டும். பள்ளத்தைத் தாண்டி ஏறினால் சிம்பு எழும். தண்டை உருட்டும்போது சதுரத்தை எட்டுப் பட்டையாக்கி, பிறகு பதினாறு பட்டையாக்கி, அதன் பின்னரே பட்டைகளின் விளிம்புகளை நீக்குங்கள். கண் மதிப்பில் உருட்டிய தண்டு கையில் கோணலாகவே நிற்கும்.

பள்ளத்தூர் வாசகர்: இந்தக் கைக்கருவிகளுக்குப் பதில் மரம் தேய்க்கும் மின் கிரைண்டர் போதாதா?

பதில்: போதும், ஒரு நொடியில் பள்ளம் தோண்டுவதற்கு.

ஆத்தங்குடி வாசகர்: சட்டங்களை ஒட்டி முடித்த பின் உப்புத்தாள் மட்டும் தேய்த்தால் போதுமா?

பதில்: பசை மரத்தைவிடக் கடினமானது. எனவே உப்புத்தாள் மென்மரத்தைத் தின்றுவிட்டுப் பசைக்கோட்டை மேடாக விட்டுவிடும். முதலில் இழைப்புளியால் மேடுகளைத் தட்டிவிட்டு, வாயில் பிசிர் (விளிம்பை மடக்கி எழுப்பும் நுண்ணிய கொக்கி) ஏற்றிய எஃகுச் சுரண்டு தகட்டால் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தகடு தூளுக்குப் பதில் மெல்லிய சுருளைத் தள்ளுகிறவரை கூராக இருக்கிறது. தூள் வரத் தொடங்கினால் மீண்டும் பிசிர் ஏற்றுங்கள். கண்ணாடி இழைத் துணி ஒட்டுமுன் 120 எண் உப்புத்தாள் ஒரு முறை போதும்.